கூட்டம் சேர்ந்ததும் கார்டுலெஸ் மைக் அறுபடுவது ஏன்?

கேள்வி: வணக்கமுங்க. நான் கோபிப் பக்கம் பத்து வருசமா மைக் செட் தொழில் பண்றனுங்க. கல்யாண மண்டபம், கோயில் நோம்பி, இப்ப ரெண்டு வருசமா வள்ளி கும்மி அரங்கேற்றம்னு ஓடிட்டிருக்குது. எங்கிட்ட எட்டு சேனல் கார்டுலெஸ் இருக்குதுங்க. ரெட்டைச் சேனல் ரிசீவர் நாலு. ஹேண்ட் மைக் நாலு, ஹெட்செட் ரெண்டு, காலர் மைக் ரெண்டு. எல்லாத்தையும் ஒரே இரும்பு ரேக்குல பூட்டி, பின்னாடி அதுகூட வந்த குச்சி ஆண்டெனாவையே போட்டிருக்கறன். மண்டபத்துல ரேக் மேடை ஓரம் எல்.ஈ.டி. வாலுக்கு, அதாவது படம் ஓடற பெரிய எல்.ஈ.டி. திரைக்குப் பின்னாடி நிக்கும். காலைல செக் பண்றப்ப சுத்தமா இருக்குதுங்க. முகூர்த்தத்துக்கு ஆளு நெறஞ்சதும், கல்யாணச் சீர் செய்யற அருமைக்காரரோட காலர் மைக் விட்டு விட்டு வருது. வள்ளி கும்மியில இன்னும் மோசமுங்க. ஆசிரியர் வட்டத்து நடுவுல பாடிட்டே சுத்தி வாரப்ப, ஒரு பக்கம் போனா கர்ர்ருன்னு அறுத்துருது. மிக்சர் டேபிள், ரேக் எல்லாம் வட்டத்துக்கு நாப்பது மீட்டர் தள்ளி பந்தலுக்குள்ள இருக்கும். கடையில பூஸ்டர் போடச் சொன்னாங்க. இருபது மீட்டர் சி.சி.டி.வி. கேபிள் இழுத்து, ரிசீவர்கிட்ட பூஸ்டர் மாட்டினேன். அதுக்கப்புறம் எட்டும் இரையுதுங்க. ஒண்ணோட ஒண்ணு மோதக்கூடாதுன்னு 630, 632, 634ன்னு ரெண்டு ரெண்டு மெகா ஹெர்ட்ஸ் தள்ளி 644 வரைக்கும் வெச்சிருக்கறன். எந்த ஆண்டெனா வாங்கலாம், எங்க வெக்கலாம்? இல்ல, எல்லாத்தையும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் செட்டா மாத்திடலாமுங்களா?

பதில்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரேக் நிற்கும் இடம், ஆண்டெனா இருக்கும் உயரம், கேபிள், பூஸ்டர், அலைவரிசை வைத்த கணக்கு என்று ஐந்து கோளாறுகள் உங்கள் கடிதத்திலேயே தெரிகின்றன. இவற்றில் ரேக்கை நகர்த்துவது, பூஸ்டரைக் கழற்றுவது, அலைவரிசையை மாற்றுவது ஆகிய மூன்றுக்கும் காசு வேண்டாம். ரிசீவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

காலையில் சுத்தமாக இருந்தது மதியத்துக்குள் எப்படிக் கெடுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. 630 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர், ஒன்றரை அடிக்குச் சற்று மேல். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலையை அது குடித்துவிடும். மைக்குக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே ஒருவர் ஒட்டி நின்றால் அலையின் வலுவில் 10 முதல் 20 டி.பி. (டெசிபல்) வரை போய்விடும். 10 டி.பி. போனால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும், 20 போனால் நூறில் ஒரு பங்கு. இதற்குப் பக்கத்தில் தூரத்தின் கணக்கை வைத்துப் பாருங்கள். வெட்டவெளியில் 10 மீட்டரை 20 மீட்டராக்கினால் குறைவது 6 டி.பி. மட்டும். அதாவது ஆண்டெனாவை இரண்டு மடங்கு தூரத்தில், ஆனால் தலைகளுக்கு மேலே வைப்பது, பக்கத்திலேயே வைத்து ஆள் மறைப்பதைவிட லாபம். காலையில் மண்டபம் காலி. அலை சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பி எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. ஆள் நிறைந்ததும் நேர் வழியும் அடைபடுகிறது, திரும்பி வரும் வழிகளும் அடைபடுகின்றன. ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மைக் போகும் இடத்திலெல்லாம் ஆண்டெனாவின் கண்ணுக்கு அது தெரிகிறதா?

இப்போது உங்கள் குச்சி ஆண்டெனா எதைப் பார்க்கிறது? இரும்பு ரேக்கின் உள்பக்கத்தையும் எல்.ஈ.டி. வாலின் முதுகையும். ரேக்கின் பின்கதவு திறந்திருந்தாலும் நான்கு ரிசீவரின் எட்டுக் குச்சிகளும் ஒன்றோடொன்று நெருக்கியடித்து, பவர் ஒயரோடு சேர்ந்து நிற்கும். அப்படி நிற்கும் ஆண்டெனா பாதி செத்தது போலத்தான். எல்.ஈ.டி. வால் அதைவிடப் பொல்லாதது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஸ்விட்சிங் பவர் சப்ளை இருக்கிறது, பேனலுக்குப் பேனல் வேகமாகத் துடிக்கும் டேட்டா ரிப்பன் ஓடுகிறது. இரண்டும் நூற்றுக்கணக்கான மெகா ஹெர்ட்ஸ் அகலத்துக்கு இரைச்சலைக் கக்கும்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எட்டு மைக்கையும் ஆப் செய்யுங்கள், ரிசீவர்கள் மட்டும் ஓடட்டும். எல்.ஈ.டி. வாலும் ஆப். ரிசீவரில் வந்து சேரும் ரேடியோ அலையின் வலுவைக் காட்டும் ஆர்.எப். மீட்டரில் ஒரு புள்ளிகூட எரியக்கூடாது. இனி வாலைப் போட்டு, அசையும் படத்தை ஓடவிடுங்கள். வெள்ளைப் படம் மட்டும் போட்டுச் சோதித்தால் போதாது. இரண்டு மூன்று புள்ளி எரிந்தால், அந்த அளவுக்கு இரைச்சல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மைக்கின் சிக்னல் அதைத் தாண்டி நின்றால்தான் பேச்சு வரும். ஆள் மறைத்து சிக்னல் கீழே இறங்கும்போது இரைச்சல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் காலைச் சோதனை பெரும்பாலும் வால் போடுவதற்கு முன்பே நடந்திருக்கும்.

பூஸ்டரை முதலில் கழற்றி வையுங்கள். பூஸ்டர் வேண்டியதை மட்டும் பெரிதாக்காது, ஆண்டெனாவில் விழும் எல்லாவற்றையும் பெரிதாக்கும். அதன் வேலை கேபிளில் போவதை ஈடுகட்டுவது மட்டுமே. அதற்கும் அது ஆண்டெனா முனையில் இருக்க வேண்டும். சிக்னல் கேபிளில் தேயும் முன்பே தூக்கிவிட்டால் பயன் உண்டு. நீங்கள் செய்தது போல 20 மீட்டர் தேய்ந்து இரைச்சலோடு கலந்தபின் தூக்கினால் இரைச்சலும் கூடவே தூக்கப்படும். போதாக்குறைக்கு, மைக் பக்கத்தில் வரும்போது பூஸ்டர் திணறி, இல்லாத அலைவரிசைகளைத் தானே உண்டாக்கும். கேபிளில் 8 டி.பி. போகிறது என்றால் 8 அல்லது 10 டி.பி. பூஸ்டர் நியாயம். 5 டி.பி.க்குக் கீழே போகிறது என்றால் பூஸ்டரே தேவையில்லை. நான் கீழே சொல்லும் அமைப்பில் உங்களுக்கு அது எங்கும் தேவைப்படாது.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் ஊர் மைக் செட்காரர்கள் பலர் சறுக்குகிறார்கள். ரிசீவர், ஆண்டெனா எல்லாம் 50 ஓம் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) உள்ளவை. சி.சி.டி.வி. கேபிள் 75 ஓம். அது தப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஓம் வித்தியாசத்தால் ஒவ்வொரு முனையிலும் போவது 0.2 டி.பி.க்கும் குறைவு, பேசவே வேண்டியதில்லை. உண்மையான கெடுதல் வேறு. பவர் ஒயரோடு சேர்த்து வரும் மூன்று பிளஸ் ஒன் கேபிளில் அலை ஓடும் கோஆக்ஸ் கம்பி மெலிசு, மேல் பின்னல் பேருக்கு நாலு இழை. அலையும் கசியும், வெளி இரைச்சலும் உள்ளே வரும். அது எல்.ஈ.டி. வாலின் பின்னால் ஓடினால் அந்தக் கேபிளே ஓர் ஆண்டெனா ஆகிவிடும்.

600 மெகா ஹெர்ட்ஸ் வாக்கில் 10 மீட்டருக்கு என்ன போகிறது என்று பாருங்கள். ஆர்.ஜி.-58இல் 4 டி.பி.க்கு மேல், ஆர்.ஜி.-8 எக்ஸில் சுமார் 3, ஆர்.ஜி.-213இல் சுமார் 2, எல்.எம்.ஆர்.-400இல் 1. ரேக்குக்குள் ரிசீவருக்கு ரிசீவர் போகும் இரண்டடித் துண்டுக்கு ஆர்.ஜி.-58 தாராளமாகப் போதும். வெளியே ஆண்டெனாவுக்கு ஓடுவதற்கு ஆர்.ஜி.-213 அல்லது எல்.எம்.ஆர்.-400 வகை வாங்குங்கள். தினமும் சுருட்டி விரிப்பவருக்கு ஆர்.ஜி.-213 தோது; இழைக் கம்பி, வளைந்து கொடுக்கும். எல்.எம்.ஆர்.-400இன் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி, இறுக்கிச் சுருட்டினால் உள்ளே நசுங்கி அந்த இடத்தில் எதிரொலிக்கும்.

அவசரத்துக்கு டி.டி.எச். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.-6 கிடைத்தால் அதையும் போடலாம். 75 ஓம்தான், ஆனாலும் 10 மீட்டருக்கு 2 டி.பி.க்குள்தான் போகும். அதன் எப் முனையை, ரிசீவரில் மாட்டும் பி.என்.சி. முனையாக மாற்றும் கன்வெர்ட்டர் சென்னை ரிச்சி தெருவில் கைநிறையக் கிடைக்கும். ஆனால் இது மண்டபத்தில் ஒருமுறை சுவரோடு அடித்து விடுவதற்கு மட்டும். அதன் நடுக்கம்பி செம்பு பூசிய ஒற்றை எஃகுக் கம்பி. நோம்பிக்கு நோம்பி சுருட்டினால் கன்வெர்ட்டர் ஓரத்தில் ஒடிந்துவிடும். அதுவும் வெளியே தெரியாமல் ஒடியும், காற்றில் ஆடும்போது மட்டும் அறுபடும். அந்தக் கோளாறைத் தேடி ஒரு ராத்திரி முழுக்கப் போகும்.

பி.என்.சி. முனைகளைக் கிரிம்ப் செய்தே, அதாவது கருவியால் நசுக்கிப் பொருத்தியே வாங்குங்கள். திருகு வைத்து இறுக்கும் சி.சி.டி.வி. முனைகள் இந்த வேலைக்கு ஆகாது.

அதைவிடப் பெரிய விஷயம்: ஆண்டெனா கேபிளை நீட்டாதீர்கள், ஆடியோ கேபிளை நீட்டுங்கள். ரேக் மிக்சரின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எக்ஸ்.எல்.ஆர். பேலன்ஸ்டு கேபிளில் ஆடியோ 50 மீட்டர் போனாலும் ஒன்றும் ஆகாது. அதே 50 மீட்டரை ஆர்.ஜி.-58இல் ஆர்.எப். தாண்டினால் 20 டி.பி. காலி. மேடையில் ஏற்கெனவே, பல மைக் லைன்கள் ஒன்றாக ஓடும் ஸ்நேக் கேபிள் இருக்குமே, அதில் எட்டு லைன் இதற்கு ஒதுக்குங்கள். ரேக் மைக்குகளுக்குப் பக்கமாக வரட்டும். மிக்சரில் உட்கார்ந்து ஆர்.எப். மீட்டரைப் பார்க்க முடியாதே என்பது ஒரு குறைதான். அதற்கு ரேக் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வைப்பது நல்லது, எப்படியும் பேட்டரி மாற்ற ஒருவர் மேடையோரம் வேண்டுமல்லவா.

இனி வாங்க வேண்டியவை. லாக் பீரியாடிக் ஆண்டெனா இரண்டு. கடையில் பேடில் ஆண்டெனா, துடுப்பு ஆண்டெனா என்று கேட்டால் தெரியும். பூஸ்டர் இல்லாத பாஸிவ் வகையே போதும். ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஆக்டிவ் ஆண்டெனா டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று. உங்களிடம் நான்கு ரிசீவர், ஒவ்வொன்றுக்கும் ஏ, பி என இரண்டு உள்வழி, ஆக எட்டு வெளிவழி. அந்த ஒரு பெட்டியில் அளவெடுத்தது போல அடங்கும். அதோடு ரேக்குக்குள் எட்டுத் துண்டு ஆர்.ஜி.-58, வெளியே 15 மீட்டர் ஆர்.ஜி.-213 இரண்டு, மைக் ஸ்டாண்ட் மரையில் ஏறாவிட்டால் அடாப்டர், மூன்றரை மீட்டர் உயரும் ஸ்டாண்ட் இரண்டு. முடிந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக பி.என்.சி. டி கனெக்டர் போட்டுப் பிரிப்பவர்களைப் பார்க்கலாம், வேண்டாம். ஓமும் கெடும், ரிசீவர்கள் ஒன்றுக்குள் ஒன்று இரைச்சல் விடும். இரண்டாகப் பிரிக்கும் பாஸிவ் ஸ்பிளிட்டர் நாணயமானது, ஆனால் ஒரு தடவை பிரித்தால் 3 டி.பி.க்குச் சற்று மேல் போகும். நான்காகப் பிரித்தால் 7 வாக்கில். டிஸ்ட்ரிபியூட்டரில் ஆண்டெனா முனைக்கு டி.சி. அனுப்பும் சுவிட்ச் இருந்தால் ஆப்பில் வையுங்கள். அது பூஸ்டருக்குச் சாப்பாடு. பாஸிவ் ஆண்டெனா சிலவற்றில் டி.சி.க்கு அது ஷார்ட்.

துடுப்பை எந்தப் பக்கம் திருப்புவது? அகலமான பக்கம்தான் முகம் என்று நினைத்து அதை மேடைக்குக் காட்டுகிறார்கள். நேர் எதிர். குறுகிய முனை, குட்டைக் குச்சிகள் இருக்கும் முனைதான் முன்பக்கம். அது மைக்கைப் பார்க்க வேண்டும். அதன் பார்வை நல்ல அகலம், ஆகையால் துப்பாக்கி போலக் குறிபார்க்க வேண்டியதில்லை. பின்பக்கம்தான் மந்தம். அந்த மந்தத்தைத்தான் நாம் எல்.ஈ.டி. வாலுக்குக் காட்ட வேண்டும்.

மண்டபத்தில் இங்கே ஒரு சிக்கல் வரும். ஆட்கள் வாலுக்கு முன்னால் நிற்கிறார்கள். சபையிலிருந்து மேடையைப் பார்த்தால் துடுப்பு வாலையும் சேர்த்தே பார்க்கும். அதனால் மேடையின் முன் ஓரத்தில், பக்கவாட்டில் வைத்து, மேடையைக் குறுக்காகப் பார்க்க விடுங்கள். வால் துடுப்பின் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ வரும்படி திருப்புங்கள். வாலிலிருந்து குறைந்தது 3 மீட்டர், முடிந்தால் அதற்கும் மேல். தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம்: போட்டோகிராபர், வீடியோக்காரர், மொய் கொடுக்க நிற்கும் கூட்டம் எல்லாம் அதற்குக் கீழே. ட்ரஸ் கம்பியில் ஒட்டிக் கட்டாதீர்கள். இரும்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்கட்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே ஒட்டி வைப்பதும் ஆகாது.

ஏ, பி இரண்டும் ஒரே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று மேடைக்கு, இன்னொன்று சபைக்கு என்று பிரித்தால், ரிசீவருக்கு எந்த இடத்திலும் ஒரே ஆண்டெனாதான் மிஞ்சும். ஒன்றில் அலை செத்தால் மற்றதுக்குத் தாவுவதுதான் டைவர்சிட்டியின் வேலையே. இரண்டுக்கும் இடைவெளி கால் அலை, உங்களுக்கு 12 சென்டிமீட்டர், இருந்தாலே வேலை செய்யும். ஒன்று முதல் மூன்று மீட்டர் வைத்தால் நன்றாகச் செய்யும். இரண்டையும் வி போல எதிரெதிராக 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மைக் பிடிப்பவர் கை எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும், அருமைக்காரர் குனிந்து சீர் செய்யும்போது இடுப்பிலிருக்கும் பேக் (காலர் மைக்கின் அலையை அனுப்பும் பெட்டி) படுத்துக்கொண்டாலும், இரண்டில் ஒன்று ஒத்துப்போகும்.

மைக் எந்த நேரத்திலும் ஆண்டெனாவுக்கு 3 மீட்டருக்குள் வரக்கூடாது, 5 மீட்டர் என்றால் இன்னும் நிம்மதி. பக்கத்தில் வந்தால் சிக்னல் நிறைய வரும், நல்லதுதானே என்று தோன்றும். ரிசீவரின் முன்பகுதி அடைத்துக்கொண்டு மற்ற ஏழு மைக்கும் தடுமாறும். ரேக் மேலேயே நாலு ஹேண்ட் மைக்கை ஆன் செய்து படுக்கப்போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

வள்ளி கும்மிக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே கணக்கு போட்டே பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். வட்டத்தின் ஆரம் 12 மீட்டர், ஆசிரியர் நடுவில், அவர் இடுப்பில் பேக் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டெனாவை வட்டத்துக்கு வெளியே 3 மீட்டர் தள்ளி, மூன்றரை மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். ஆண்டெனாவிலிருந்து பேக்குக்கு ஒரு நேர்கோடு போட்டால், ஆடுகிறவர்கள் நிற்கும் இடத்தில் அந்தக் கோடு தரையிலிருந்து 3 மீட்டர் மேலே போகிறது. தூக்கிய கையும் அதைத் தொடாது. ஆசிரியர் ஆண்டெனாப் பக்கம் நடந்து வட்டத்துக்கு 2 மீட்டர் நெருங்கி வந்தால் கோடு 2 மீட்டருக்கு இறங்கும். அப்போதும் தலைக்கு மேல்தான். இப்போது உங்கள் பழைய அமைப்பைப் பாருங்கள்: 40 மீட்டர் தள்ளி, மேஜை உயரத்தில் குச்சி. கோடு முழுக்க இடுப்பு உயரத்தில், ஆடுகிறவர்கள், அவர்களுக்கு வெளியே வேடிக்கை பார்க்கும் ஊர்சனம் என்று எல்லோரையும் துளைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஆடுகிறவர்களைத் தாண்டியாயிற்று, ஆசிரியரின் சொந்த உடம்பு மிச்சம். அவர் திரும்பும்போது பேக் ஆண்டெனாவுக்கு மறுபக்கம் போய்விடும். நீங்கள் எழுதிய “ஒரு பக்கம் போனா” அதுதான். எனவே மண்டபத்தில் போல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வட்டத்தைச் சுற்றிக் கால் வட்டம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்: ஒன்று கிழக்கே என்றால் இன்னொன்று தெற்கே. இரண்டும் நடுவட்டத்தைப் பார்க்கட்டும். மேலே சொன்ன அளவில் இரண்டுக்கும் நடுவே நேராக 21 மீட்டர் வரும். ரேக்கை இரண்டுக்கும் இடையில், வட்டத்துக்கு வெளியே வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 15 மீட்டர் கேபிள் சுற்றி வரப் போதும், ஆர்.ஜி.-213இல் 3 டி.பி.தான் போகும். ரேக்கிலிருந்து பந்தலில் இருக்கும் மிக்சருக்கு ஸ்நேக் ஓடட்டும். வட்டம் பெரிதாகி இரண்டு மூன்று அடுக்கானால் உயரத்தை நாலு மீட்டராக்குங்கள், தூரத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் நிகழ்ச்சி என்றால் ஆடிக்காற்றை மறக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்குத் துடுப்பு ஒரு சின்னப் பாய்மரம். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை, கேபிளைக் கீழே ஸ்டாண்டோடு ஒரு சுற்றுக் கட்டிவிட்டால் இழுபட்டு பி.என்.சி. பிய்யாது. இடி மின்னல் வந்தால் உடனே இறக்குங்கள்.

அலைவரிசைக்கு வருகிறேன். ரெண்டு ரெண்டாகத் தள்ளி வைத்தது ஒழுங்காகத் தெரிந்தாலும், அந்த ஒழுங்குதான் வில்லங்கம். இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் அலை இன்னொன்றுக்குள் புகுந்து புதுப்புது அலைகளை உண்டாக்கும். முக்கியமானது, ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது. 632இன் இரு மடங்கு 1264. அதிலிருந்து 630 போனால் 634. உங்கள் மூன்றாவது மைக் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எட்டு மைக்கில் இப்படி இரண்டிரண்டாகச் சேர்ந்து 56, மும்மூன்றாகச் சேர்ந்து 168 பேய் அலைகள் பிறக்கும். சம இடைவெளி வைத்தால் அவற்றில் ஏராளம் உங்கள் சொந்தச் சேனல்கள் மேலேயே விழும். இடைவெளி ஒழுங்கற்று இருக்க வேண்டும்: உதாரணமாக 630, 632, 635.2 என்றால் அந்த மூன்றுக்குள் எந்தப் பேயும் எந்தச் சேனலையும் தொடாது. எட்டுக்குக் கையால் கணக்கு போட்டு மாளாது. ரிசீவரில் குரூப், சேனல் என்று இருக்கிறதே, அந்தக் குரூப்பைக் கம்பெனி இந்தக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறது. எட்டையும் ஒரே குரூப்புக்குள் வையுங்கள். இரண்டு குரூப்பிலிருந்து நாலு நாலு எடுத்தால் கணக்கு செல்லாது. நான்கு ரிசீவரும் ஒரே மாடல் இல்லையென்றால், அலைவரிசை ஒருங்கிணைப்புக்கென்றே கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன, அதில் போட்டு எடுங்கள்.

உங்கள் செட் 630 வாக்கில் இருப்பது நல்ல காலம். செகண்ட் ஹேண்டில் ஏதாவது வாங்குவதானால் பின்னால் ஒட்டிய அலைவரிசையைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2022 ஏலத்தில் 700 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கற்றையை நாடு முழுக்க ஜியோ எடுத்தது. செல்போனிலிருந்து டவருக்கு 703 முதல் 748 வரை, டவரிலிருந்து போனுக்கு 758 முதல் 803 வரை உள்ள பட்டை அது. அந்த எல்லைக்குள் ஓடும் பழைய மைக்கை மண்டபத்தில் நூறு போன்களுக்கு நடுவே எந்த ஆண்டெனாவும் காப்பாற்றாது.

உடம்பில் மாட்டும் விதம் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நல்ல ஆண்டெனா தரும் லாபத்தை இது ஒரே நிமிடத்தில் தின்றுவிடும். காலர் மைக் பேக்கை வேட்டி மடிப்புக்குள், வியர்த்த தோலோடு ஒட்டிச் செருகக்கூடாது. துணிப்பையில் போட்டு இடுப்பின் வெளிப்பக்கம், ஆண்டெனா இருக்கும் திசைப் பக்கமாக மாட்டுங்கள். பேக்கிலிருந்து தொங்கும் ஆண்டெனா ஒயரைச் சுருட்டி பேக்கிலேயே சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் ஆண்டெனாவே இல்லாதது போல. அதே மடியில் செல்போன் வேண்டாம். கும்மிக்காரரின் பட்டுப்புடவையிலோ இடுப்பிலோ உலோகம் இருந்தால் பேக் அதன் மேலே இருக்கட்டும், அடியில் அல்ல. ஹேண்ட் மைக்கின் ஆண்டெனா பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். மங்கல வாழ்த்து பாடுபவரிடம் கொடுக்கும்போதே “அடியைப் பொத்தாமப் புடிங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எல்லாம் நிறுத்தியபின் சோதனை. எல்.ஈ.டி. வால், லைட், வீடியோக்காரரின் வயர்லெஸ் எல்லாம் ஓடட்டும். எட்டு மைக்கும் ஆன், மேடையில் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். இப்போது முதல் மைக்கை மட்டும் ஆப் செய்து அதன் ரிசீவரைப் பாருங்கள். மீட்டர் எரிந்தால் அந்த இடத்தில் ஒரு பேய் அலை இருக்கிறது, அந்தச் சேனலை மாற்றுங்கள். ஆன் செய்துவிட்டு அடுத்ததை ஆப் செய்யுங்கள். எட்டும் முடிய ஐந்து நிமிடம் ஆகாது. பிறகு ஒருவர் பேக்கை மாட்டி, அதைக் கையால் பொத்தி, ஆண்டெனாவுக்கு முதுகைக் காட்டி மேடை முழுக்க, வட்டம் முழுக்க நடக்கட்டும். ரேக்கில் இருப்பவர் ஏ, பி விளக்கு மாறி மாறி எரிகிறதா, எங்கே இரண்டும் ஒரே நேரத்தில் விழுகின்றன என்று பார்க்கட்டும். பொத்தியும் தாங்கினால் கூட்டத்திலும் தாங்கும். ஒரு இடத்தில் மட்டும் விழுந்தால் ஆண்டெனாவை ஒரு அடி நகர்த்திப் பாருங்கள். அறுபடுகிறது என்று, சிக்னல் குறைந்தால் ஒலியை அடைக்கும் ஸ்கெல்ச்சை அடியோடு குறைக்க வேண்டாம். அறுபடுவது போய் இரைச்சல் முழு வால்யூமில் ஸ்பீக்கருக்குப் போகும்.

துடுப்பு வாங்கக் காசு கூடும் வரை கைவேலையாகவே ஒன்று செய்துகொள்ளலாம். பி.என்.சி. அல்லது என் வகை பேனல் சாக்கெட் ஒன்று, வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் மேலுறை உரித்தது ஒன்றரை முழம். நடுமுனையில் நேராக ஒரு கம்பி. அதன் நீளத்துக்கு 71,250ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் மில்லிமீட்டரில் வரும். உங்கள் பட்டையின் நடு 637, ஆகவே 112 மில்லிமீட்டர். சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் 118 மில்லிமீட்டரில் நான்கு கம்பிகள், கீழ்நோக்கி 45 டிகிரி வளைத்து. அந்தக் கோணத்தில்தான் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். நேராகக் கிடையாக விட்டால் 35 வாக்கில் இறங்கிவிடும். இரண்டு செய்து, பி.வி.சி. குழாய் உச்சியில் மாட்டுங்கள். துடுப்புபோல ஒரு திசையைக் கூர்ந்து பார்க்காது, சுற்றிலும் பார்க்கும். எல்.ஈ.டி. வால் உள்ள மண்டபத்துக்கு அது குறை. வால் இல்லாத கும்மி மைதானத்துக்கு அது ஒரு குறையே இல்லை. பழைய மாடி டி.வி. ஆண்டெனாவைக் கழற்றி மாட்டலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அந்த நீளக் குழாய் ஆண்டெனாக்கள் 174 முதல் 230 மெகா ஹெர்ட்ஸுக்கு வெட்டியவை, இங்கே உதவாது.

கடைசியாக 2.4 கிகா ஹெர்ட்ஸ். அதன் அலை நீளம் 12.5 சென்டிமீட்டர்தான், உடம்பு அதை இன்னும் எளிதாக மறைக்கும். வைபை, புளூடூத் இரண்டும் அதே பட்டையில் ஓடுகின்றன, மண்டபம் நிறையும்போது அவையும் நிறையும். பள்ளி வகுப்பறை, சின்ன ஹால், ஒன்றிரண்டு மைக் என்றால் வசதி. எட்டுச் சேனலோடு முகூர்த்தத்துக்கும் கும்மி வட்டத்துக்கும் போகிறவர் இருக்கும் செட்டை மாற்ற வேண்டாம்.